கால் சுற்று

சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி லேசாகத் தட்டிவிட்டேன். அரைச் சுற்றுகூட வரவில்லை. ஆட்டுரலில் மணல் விழுந்ததுபோலக் கரகரவென்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழையில் தாமிரபரணி கரையேறி, சிந்துபூந்துறையில் எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. அரிசி மூட்டை, ரேஷன் கார்டு, அம்மாவின் மாத்திரை டப்பா என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் மாடிக்கு ஏற்றினோம். அப்பாவின் சைக்கிளை ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு இறங்கிப் பார்த்தால், திண்ணைத் தூணோடு சேர்த்துப் பூட்டிய இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. சீட்டு வரைக்கும் வண்டல். கேரியரில் எந்த வீட்டுத் தென்னை மட்டையோ செருகிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கறுப்பு நிறம். அப்பா போன பிறகு அரிசி மண்டிக்குக் கணக்கெழுத நான் அதில்தான் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய் வருகிறேன். பஞ்சர் என்றால்கூட அண்ணாச்சி கடையில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற ஆள் நான். அந்த வாரம் அண்ணாச்சியின் கொட்டகையே சாய்ந்து கிடந்தது. அவர் தம் சாமான்களைச் சேற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள் தம்பி" என்றார், தலை நிமிராமல். "இப்போது ஓட்டினால் கோனும் கப்பும் போய்விடும். பிரித்துக் கழுவி கிரீஸ் போட வேண்டும். எனக்கு ஒரு மாதமாகும். நீங்களே பிரித்துப் பாருங்கள். விமானமா அது?" சக்கரம் உருள உதவும் இரும்புக் குண்டுகள் ஓடுகிற கிண்ணம்தான் கப்பு; அவற்றை உள்ளே பிடித்து வைக்கும் கூம்பு நட்டு கோன்.

மூழ்கிய சைக்கிளின் குழாய்களுக்குள்ளும் தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. சீட்டை அதன் கம்பியோடு உருவிவிட்டு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்தபோது ஒரு சொம்பு அளவுக்குக் காப்பி நிறத்தில் கொட்டியது. இதைச் செய்யாமல் வெளியே மட்டும் துடைத்து வைத்திருந்தால் உள்ளிருந்தே துரு தின்றிருக்கும். பிறகு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாகக் கழுவினேன். குழாய் வைத்துப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மிச்சமிருக்கும் கிரீஸையும் அந்த வேகம் வெளியேற்றிவிட்டு மண்ணை உள்ளே தள்ளும். கழுவுகிற ஜோரில் சீட்டு ஸ்பிரிங்கில் சுற்றியிருந்த ஒரு செம்புக் கம்பித் துண்டையும் குப்பை என்று அறுத்து எறிந்தேன்.

முன்சக்கரத்தின் ஹப்பிலிருந்து, அதாவது அதன் நடுக் குடத்திலிருந்து, ஆரம்பித்தேன். அதில் செயின் கிடையாது, தொந்தரவு குறைவு. சாக்கை விரித்து சைக்கிளைக் கவிழ்த்து, பிரேக் கட்டைகளைக் கழற்றி, சக்கரத்தை எடுத்து அம்மாவின் தாம்பாளத்தின்மேல் வைத்தேன். ஒரு பக்கத்து லாக் நட்டையும் கோனையும் மட்டும் கழற்றினால் போதும். மறுபக்கத்துக் கோன் அச்சிலேயே இருக்கட்டும். அச்சை உருவியதும் குண்டுகள் தாம்பாளத்தில் உதிரும். உதிர்ந்ததை உடனே எண்ண வேண்டும். எங்கள் சைக்கிளில் முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். எண்ணாமல் கழுவி வைத்துவிட்டு, திரும்பப் போடும்போது "இன்னும் ஒன்று நுழையுமே" என்று பதினொன்றாவதை நுழைத்தேன். சக்கரம் இறுகிப்போய்விட்டது. குண்டுகளுக்கு நடுவே ஒரு குண்டுக்குக் கொஞ்சம் குறைவான இடம் காலியாக இருப்பதுதான் முறையாம். பிரித்த நட்டு, வாஷர் எல்லாவற்றையும் கழற்றிய வரிசைப்படி முட்டை அட்டையின் குழிகளில் வைத்துக்கொள்வதை அன்றைக்குப் பழகியவன் இன்றுவரை விடவில்லை.

மண்ணெண்ணெய் இப்போது லேசில் கிடைப்பதில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு டீசல் போதும். கழுவியபின் கோனைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குண்டு ஓடிய தடம் பளபளப்பான ஒரு வளையமாகத் தெரிந்தால் நல்லது. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: பால்பாயிண்ட் பேனாவின் நுனியை அந்தத் தடத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் வைத்துக்கொள்ளலாம். எங்காவது தட்டித் தட்டி நின்றால் கோனை மாற்ற வேண்டியதுதான். குண்டுகளைப் பழையதும் புதியதுமாகக் கலக்க வேண்டாம், மொத்தமாக மாற்றிவிடுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை.

மாட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. கப்பில் கிரீஸை அப்பி, அதில் குண்டுகளைப் பதித்து, அச்சை நுழைத்து, கோனைக் கையால் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் முட்டும். அங்கிருந்து கால் சுற்றுப் பின்னால் வர வேண்டும். வந்த இடத்தில் மெல்லிய கோன் ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டு கோனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் இறுக்கிவிடும். முதல் தடவை இறுகியது. இரண்டாம் தடவை சக்கரம் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடியது. ஐந்தாம் தடவைதான் கைக்குப் பிடிபட்டது.

சரியாக வந்ததா என்று பார்க்க அண்ணாச்சி சொன்ன சோதனை இது. முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, காற்றடிக்கும் மவுத்தை ஒரு பக்கமாக, கடிகாரத்தின் மூன்று மணிக்கு நேராகக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். மவுத்து இருக்கும் பக்கம் ஒரு துளி கனம் கூடுதல். நல்ல ஹப் என்றால் அந்தக் கனத்துக்கே சக்கரம் தானாக இறங்கும். அடியைத் தாண்டி மறுபக்கம் ஏறும், திரும்பி வரும், தொட்டில்போல ஆடி ஆடி மவுத்து அடியில் வந்து நிற்கும். என் சக்கரம் அப்படி ஆடி நின்றபோது சாயங்காலம் ஆறரை மணி. ஒரு ஹப்புக்கு ஒரு முழு நாள். அண்ணாச்சிக்கு அது இருபது நிமிட வேலை.

'ஓவர்ஹால்' என்ற சொல் நம் பக்கத்துக் கடைகளில் 'ஓவராயில்' என்று ஆகிவிட்டது. அதனாலோ என்னவோ, எண்ணெய் அதிகமாக விடுவதுதான் பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். செயினில் எண்ணெய் வேலை செய்வது உருளைகளுக்கு உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் செம்மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு பற்களைத் தேய்க்கும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி ஊற விட்டு, பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் காலங்காலமாக அதைத்தான் விட்டோம். நாள்பட அது பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது.

செயின் தேய்ந்துவிட்டதா என்று கேட்க யாரிடமும் போக வேண்டாம், ஓர் அங்குல ஸ்கேல் போதும். கண்ணிகளைக் கோக்கும் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை அரை அங்குலம். ஆகவே இருபத்துநான்கு கண்ணி பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டதென்றால் செயின் முடிந்தது, பற்களையும் அது கெடுக்கத் தொடங்கியிருக்கும். அதில் பாதி கூடும்போதே செயினை மட்டும் மாற்றிவிட்டால் செலவு ஒன்றோடு நிற்கும். என்னுடையது அரைக்காலையும் தாண்டியிருந்தது.

இனி நான் கெடுத்த கதை. பெடல் அச்சு ஓடுகிற குழலைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையை, கழற்ற வேண்டும். கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின் என்கிற ஆப்பு. நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மரை தெரிய நின்ற அதன் வாலில் சுத்தியலால் அடித்தேன். பத்து அடியில் வால் காளான்போல விரிந்துவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. பட்டறைக்குக் கொண்டுபோய்த் துளைபோட்டுத்தான் எடுத்தார்கள். சரியான முறை என்னவென்றால், நட்டை முழுக்கக் கழற்றாமல் பின்னின் நுனியோடு சமமாக இருக்கும்படி நிறுத்த வேண்டும். அது மரையைக் காக்கும். கிராங்குக்கு அடியில் ஒரு கனமான இரும்புக் குழாயையோ மரக்கட்டையையோ முட்டுக்கொடுத்துவிட்டு ஒரே ஓர் அடி, ஓங்கி. பத்துச் சின்ன அடிகள் கூடாது. திரும்பப் போடும்போது இரண்டு பின்களும் எதிரெதிராக ஏற வேண்டும். ஒரே பக்கமாக ஏற்றினால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காமல், மிதிக்கும்போது நொண்டும்.

அதே குழலில் இன்னொரு பொறியும் உண்டு. செயின் பக்கத்து கப்புக்கு மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் என் அத்தை மகன் ஸ்பேனரின்மேல் ஏறி நின்று குதித்தான். அவன் குதிக்கக் குதிக்க அது இறுகியது. அந்தக் கப்பு நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், இடப்பக்கம் மட்டும் திறந்து கழுவலாம். இடப்பக்கத்துப் பெடலுக்கும் இதே தலைகீழ் மரைதான். மனத்தில் வைத்துக்கொள்ள நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது ஸ்பேனரைப் பெடல் மரையில் மேல்நோக்கி மாட்டி, பின்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் எந்தப் பக்கத்துப் பெடலும் கழலும்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பதைப் பற்றி எனக்கு அதிகம் பேசும் யோக்கியதை இல்லை. வெள்ளத்தில் எதிலோ மோதிப் பின் ரிம் ஒரு பக்கம் விலகி ஓடியது. சக்கரத்துக் கம்பிகளை இறுக்கும் நிப்பிள் சாவியைக் கையில் எடுத்தவன், விலகிய இடத்துக் கம்பிகளையெல்லாம் ஆத்திரத்தோடு இரண்டு இரண்டு சுற்று இறுக்கினேன். கல்லிடைக்குறிச்சி அப்பளம் எண்ணெயில் விழுந்தது மாதிரி ஆகிவிட்டது ரிம். பின்சக்கரத்தில் நாற்பது கம்பி. ஒன்றை இழுத்தால் மற்ற முப்பத்தொன்பதும் பதில் சொல்லும். அண்ணாச்சிதான் மீட்டுக் கொடுத்தார். அவர் கையைக் கவனித்தேன். ஒரு சாக்பீஸை ரிம்மின் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுகிறார். எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அது துருத்திய இடம். அங்கே எதிர்ப்பக்கத்துக் கம்பி கால் சுற்று இறுக்கம், இதே பக்கத்துக் கம்பி கால் சுற்றுத் தளர்ச்சி. மறுபடி சுற்றுகிறார். கால் சுற்றுக்கு மேல் ஒருமுறைகூட அவர் கை போகவில்லை. நடுநடுவே கம்பிகளை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டுமாம்.

பஞ்சரை இப்போது கடைக்குக் கொண்டுபோவதே இல்லை. நம் பக்கம் குடைபோல விரிந்து நிற்கும் உடை மரத்தின் வெள்ளை முள்ளுக்கு எந்த டயரும் ஒரு பொருட்டில்லை. வேலியோரத்துச் சீமை உடையும் அதற்குச் சளைத்ததல்ல. ஒட்டத் தெரிந்தவர்களும் ஏமாறுவது இரண்டு இடத்தில். முள் டியூபின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கமும் துளைத்திருக்கும். ஓர் ஓட்டையைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துவிடாதீர்கள், முழுச் சுற்றும் அமுக்கிக் குமிழி பாருங்கள். அடுத்தது, முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து கிடக்கும். விரலை விட்டுத் தடவினால் விரல் கிழியும். ஒரு பஞ்சுத் துண்டை உள்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு போனால் முள் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கி நிற்கும். ஒட்டும்போது சொலுஷன் தடவியதும் அவசரப்பட்டு ஒட்டாமல், பளபளப்புப் போய் மங்கும் வரை காத்திருக்க வேண்டும். சித்திரையில் இரண்டு நிமிடம், ஐப்பசி அடைமழையில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் மெத்தைபோல விரித்துப் போட்டேன். அதன் பிறகு பஞ்சர் வெகுவாகக் குறைந்தது. சைக்கிள் கொஞ்சம் கனத்துப்போனது உண்மைதான். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வால் டியூப் என்ற சின்ன ரப்பர் குழல் வைத்த பழைய மவுத்துக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் மவுத்து வைத்த டியூபுக்கும் மாறிவிட்டேன். ரிம்மின் துளையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும்போது கவனம். அந்த வேகத்துக்குச் சைக்கிள் டியூப் நொடியில் நிரம்பி வெடிக்கும். எவ்வளவு தாங்கும் என்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

அந்த அச்சைப் படிக்காமல் ஒருமுறை பணம் இழந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் சைக்கிளுக்கு டயர் வாங்கப் போனேன். இருபத்தாறு அங்குலம் என்று கேட்டேன், கொடுத்தார்கள். மாட்டினால் ரிம்மில் லொடலொடவென்று தொங்குகிறது. இருபத்தாறு என்று பெயர் வைத்துக்கொண்டு பல அளவுகள் உலாவுகின்றன. 26 x 1 3/8 என்பது வேறு, 26 x 1.75 என்பது வேறு. பொய் சொல்லாத எண் ஒன்று பக்கத்திலேயே சின்னதாக இருக்கும்: முதலாவதுக்கு 37-590, மற்றதுக்கு 47-559. அந்தக் கடைசி மூன்று இலக்கம்தான் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தப் பெண் கேட்டாள், "மாமா, உங்களுக்குக் கணக்குத்தானே வேலை?"

மேம்பாடு என்று சொல்லிக்கொள்ள நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், அதற்கும் காரணம் காற்று. ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பற்றித் திருநெல்வேலிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகளை அதை நம்பித்தானே நட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தமடையில் இருக்கும் அக்காள் வீட்டுக்குச் சைக்கிளில் போவது என் வழக்கம். ஆடியில் அது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதாகவே முடியும்.

செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று, அதாவது சுமார் ஐந்தரை மீட்டர். பின்னால் 22 பல் ஃபிரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) போட்டால் ஒரு மிதிக்குச் சரியாக இரண்டு சுற்று, நாலரை மீட்டர் அளவுக்கு. தூரம் குறையும், பாரமும் குறையும். பழைய ஃபிரீவீலைக் கழற்றுவது மட்டும் வீட்டில் ஆகிற காரியமில்லை. நாம் மிதித்த மிதியெல்லாம் அதை வருடக்கணக்காக இறுக்கி வைத்திருக்கும். பட்டறையில் அதற்கான சாவியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே பஸ் ஸ்டியரிங்போல இருவராகப் பிடித்துத் திருப்பினோம். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவிக் கையாலேயே திருகினால் போதும், மிதிக்க மிதிக்கத் தானே இறுகிக்கொள்ளும். நான்கு பல் கூடியதால் செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. எப்படியும் புதுச் செயின்தானே. இணைப்புக் கண்ணியின் மீன் வடிவக் கிளிப்பில், மீனின் தலை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வால் பிளந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். கடைசியில் செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கும் இறுக்கமாக வைத்தால் இத்தனை பாடுபட்டுப் போட்ட குண்டுகள்தான் அடிபடும்.

அந்த ஆடியில் பத்தமடைக்கு இறங்காமல் போய்ச் சேர்ந்தேன். திரும்பும்போது காற்று முதுகில். கால்கள்தான் வெறுமனே சுழன்றன. 18 பல்லாக இருந்தால் பறந்திருக்கலாம்.

ஒரு குறை மட்டும் போகவில்லை. மிதிக்கும்போது எங்கோ ஒரு 'டக்'. பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் கிராங்க் அல்லது பெடல். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் எங்கோ ஒரு கண்ணி மடங்காமல் நிற்கிறது. மிதிக்காமல் உருட்டும்போதும் வந்தால் சக்கரம். என்னுடையது சுற்றுக்கு ஒருமுறை வந்தது. காட்டர் பின்னைப் புதிதாகப் போட்டேன், பெடலைப் பிரித்து கிரீஸ் வைத்தேன், கப்பை மறுபடி திறந்தேன். போகவில்லை. ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி தம் புதுக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "எழுந்து நின்று மிதித்தால் வருகிறதா?"

பாலத்தின்மேல் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து சீட்டைக் கவிழ்த்தேன். இடது ஸ்பிரிங்கின் அடிச்சுருள், அது அமரும் தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சுருளில் விரற்கடை அகலத்துக்கு மட்டும் துரு இல்லாமல், கம்பி சுற்றியிருந்த தடம்.

மின்விசிறிக்குப் போட்ட ஒயரில் மிச்சம் கிடந்தது. அதைச் சீவிச் செம்புக் கம்பியை உருவினேன். தடத்தை எண்ணிப் பார்த்து, அப்பா சுற்றியிருந்த அதே இடத்தில் மூன்றேகால் சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன்.